இளையவளுக்குப் பத்து ஜிபி

அட்டைப்பெட்டி தயாரிக்கும் அந்தக் கம்பெனியின் ஆர்டர் பிரிவில் மொத்தம் நாலு மேஜை. ஜன்னலோரம் இருப்பது மூத்தவளுடையது. அதற்கு நேர் எதிரே இளையவளுடையது. வீட்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். அண்ணனைக் கட்டியவள் கீழ்வீட்டில், தம்பியைக் கட்டியவள் மேல்வீட்டில். காலையில் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறி ஒரே சீட்டில் உட்கார்ந்து போவார்கள். சாயங்காலம் அதே மாதிரி திரும்பி வருவார்கள். ஓரகத்திகள் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்து ஆபீசில் எல்லோருக்கும் ஆச்சரியம். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. மூத்தவங்க, இளையவங்க என்றே வாயில் ஊறிப்போய்விட்டது.

இளையவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளே மூத்தவள்தான். "நல்லாப் படிச்சவ சார், வீட்ல சும்மா உக்காந்திருக்கா. என் கொழுந்தனார் சம்சாரம்" என்று மேனேஜர் முன்னால் போய் நின்றாள். நேர்முகத்துக்குத் தன் நல்ல கைப்பையையே கொடுத்து அனுப்பினாள். வேலை கிடைத்ததும் தனக்கே கிடைத்த மாதிரி ஆபீஸ் முழுக்கச் சாக்லேட் கொடுத்தாள். அப்போது அவள் மனசில் பொறாமை என்று ஒரு துளி கிடையாது. அது பிற்பாடு வந்தது. வந்த வழிதான் விசித்திரம். மெயில்பெட்டி வழியாக வந்தது.

ஆர்டர் பிரிவு என்றாலே மெயில்தான். பெட்டியின் மேல் என்ன அச்சாக வேண்டும் என்று வாடிக்கையாளர் ஒரு படம் அனுப்புவார். ஒவ்வொரு படமும் ஓர் ஆனைக்குட்டி கனம். அதைத் திறந்து பார்த்து, அளவு சரிபார்த்து, டிசைன் பகுதிக்கு அனுப்பி, திருத்தம் வாங்கி, வாடிக்கையாளருக்குத் திருப்பி அனுப்பி, அவர் 'சரி' என்று சொன்ன பிறகுதான் அச்சுக்கு விட வேண்டும். ஒரே படம் ஆறேழு தடவை போய்ப் போய் வரும். மூத்தவளின் மெயில்பெட்டியோ இரண்டு ஜிபி. வாரம் பிறந்ததும் திரையின் மூலையில் மஞ்சளாக ஓர் அறிவிப்பு எட்டிப்பார்க்கும். பெட்டி நிறையப் போகிறது, இடம் பண்ணுங்கள் என்று.

மூத்தவள் அதற்கெல்லாம் பதறுகிறவள் இல்லை. மெயில்களை அளவு வாரியாக அடுக்கச் சொல்வாள். கனத்தவை மேலே வந்து வரிசை கட்டி நிற்கும். அவற்றிலிருந்த படங்களைக் கம்ப்யூட்டரில் அந்தந்த வாடிக்கையாளர் ஃபோல்டரில் இறக்கி வைத்துவிட்டு, மெயிலை மட்டும் கடிதாசி மாதிரி லேசாக விட்டுவைப்பாள். இரண்டு மூன்று மாதத்துக்கு முந்தைய சமாச்சாரங்களை ஆர்கைவுக்குத் தள்ளுவாள். அது சர்வரில் இல்லை, அவள் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிற பரண் மாதிரி ஒன்று. அனுப்பியவை என்கிற ஃபோல்டரிலும் அதே படங்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் என்பது பல பேருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அங்கேயும் ஒரு பெருக்குப் பெருக்குவாள். கடைசியில் குப்பைத்தொட்டியைக் காலி செய்வாள். "அழிச்சா மட்டும் போதாது, தொட்டியையும் கொட்டணும். இல்லன்னா குப்பை வீட்டுக்குள்ளயேதான் இருக்கு" என்பாள். பதினோரு வருஷத்தில் அவள் பெட்டி ஒரு தடவைகூட நிறைந்து அடைத்துக்கொண்டதில்லை. வீட்டுச் செலவைக் கட்டுச்செட்டாகப் பார்க்கிறவளுக்கு இருக்கிற பெருமை அவளுக்கு இதில் இருந்தது.

இளையவள் சேர்ந்த புதிதில் இத்தனையும் சொல்லிக் கொடுத்தாள். இளையவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ஒரு நாள் மத்தியானம் மூத்தவளுக்கு ஒரு பழைய மெயில் அவசரமாக வேண்டியிருந்தது. எண்ணெய் கம்பெனிக்காரர் நாலு மாதத்துக்கு முன் அனுப்பிய ஒப்புதல். பரணைத் திறந்தால் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. திறக்கிற பாடாகத் தெரியவில்லை. இளையவளுக்கும் அதில் ஒரு நகல் வந்திருந்தது.

"என் கம்ப்யூட்டர்லயே பாத்துக்கோங்கக்கா, நான் ஸ்டோர் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இளையவள் எழுந்து போனாள்.

மூத்தவள் போய் உட்கார்ந்தாள். பெயரைத் தட்டியதும் மெயில் கண் முன்னால் வந்து நின்றது. அவ்வளவு வேகம். கொஞ்சம் கீழே உருட்டிப் பார்த்தாள். இளையவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மெயில்கூட அங்கே இருந்தது. ஒன்றுகூட அழிக்கப்படவில்லை. படங்கள் எல்லாம் அப்படி அப்படியே. சொல்லிக் கொடுத்த எதையும் இவள் செய்யவே இல்லையே, அப்புறம் எப்படி அடைக்காமல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே திரையின் அடியைப் பார்த்தாள். அங்கே ஒரு மெல்லிய பட்டை. அதன் பக்கத்தில் எழுத்து. மொத்தம் பத்து ஜிபி.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பத்துதான்.

சுருக்கென்றது. கைப்பை கொடுத்து அனுப்பியது ஞாபகத்துக்கு வந்தது. சாக்லேட் கொடுத்தது ஞாபகத்துக்கு வந்தது. தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது எண்ணெய் கம்பெனிக்காரரின் மெயிலை எடுத்தோமா இல்லையா என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் தனக்கு இரண்டுதான் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். மேனேஜர்தான் அவளுக்குப் பத்து கொடுக்கச் சொல்லியிருப்பார் என்று தனக்குத்தானே முடிவு கட்டிக்கொண்டாள். அவருக்கு இளையவள் மேல் ஒரு மதிப்பு. நாளைக்குப் பெரிய இடத்துக்கு வரப்போகிறவள் என்று இப்போதே இடம் போட்டு வைத்திருக்கிறார். மூத்தவளுக்கு இரண்டு போதும், இவள் எங்கே போகப்போகிறாள் என்று விட்டுவிட்டார்.

ஒரு தடவை அப்படி நினைத்துவிட்டால் அதற்கு அப்புறம் பார்க்கிறதெல்லாம் அதற்குச் சாட்சி சொல்லும். கூட்டத்தில் மேனேஜர் பழைய ஆர்டர் ஒன்றைப் பற்றிக் கேட்பார். மூத்தவள் பரணைத் திறந்துவிட்டுக் காத்திருப்பாள். அதற்குள் எதிர் மேஜையிலிருந்து, "மார்ச்லயே ஒப்புதல் குடுத்துட்டாங்க சார், இதோ இருக்கு" என்று குரல் வரும். மேனேஜர், "பாத்தீங்களா, விரல் நுனியில வச்சிருக்காங்க" என்பார். விரல் நுனியிலா இருக்கிறது? பத்து ஜிபியில் இருக்கிறது. அழிக்க வேண்டிய அவசியம் இல்லாதவள் எதையும் தொலைப்பதில்லை. இதைச் சொன்னால் யாருக்குப் புரியும்? மூத்தவள் மென்று விழுங்கிக்கொண்டாள்.

இப்படியிருக்கும்போதுதான் பிஸ்கட் கம்பெனி வந்தது. ஊரறிந்த பெரிய கம்பெனி. அவர்களுடைய பெட்டி ஆர்டர் முழுக்க இனி இங்கேதான் என்று முடிவானது. அதை யார் பார்த்துக்கொள்வது என்று யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பதினோரு வருஷம் ஜன்னலோரம் உட்கார்ந்தவள்தான். மேனேஜர் வெளியே வந்து, "பிஸ்கட் கம்பெனியை இளையவங்க பாத்துக்கட்டும். அவங்ககிட்ட எல்லாம் சட்டுனு கிடைக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் இளையவள் தயங்கித் தயங்கி, "உங்களுக்குத்தான் குடுப்பாங்கன்னு நெனச்சேன்க்கா" என்றாள்.

"யாரு பாத்தா என்ன? வீட்டுக்குள்ளதானே" என்று மூத்தவள் சிரித்தாள். சிரித்த வாய் வீடு வரும் வரை வலித்தது.

வீட்டில் புருஷனிடம் கொட்டினாள். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "இப்ப என்னங்கற? அவ பெட்டி பெருசு, உன் பெட்டி சின்னது. இதுக்கா மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்க?"

"உங்க தம்பிக்கு வீட்ல மாடியைக் குடுத்தப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"எனக்கு மூட்டு வலி. கீழ்வீடுதான் வேணும்னு நான்தானே கேட்டேன்."

இந்த மனுஷரிடம் பேசிப் பயனில்லை என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். மேலே தளத்தில் இளையவள் நடக்கிற சத்தம் கேட்டது. நடையிலேயே ஒரு மிதப்பு வந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. உண்மையில் இளையவள் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த வாரம் மூத்தவள் ஒரு காரியம் செய்தாள். அவள் உபயோகித்த மெயில் புரோகிராமில் ரூல் என்று ஒன்று போடலாம். இன்ன மாதிரி மெயில் வந்தால் இன்னாருக்கு அனுப்பு என்று ஒரு தடவை சொல்லி வைத்துவிட்டால் அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கனமான படத்தோடு எது வந்தாலும் இளையவளுக்கு ஒரு நகல் போகட்டும் என்று ரூல் போட்டாள். தன் பக்கம் அதன் சுவடு தங்காதபடி அனுப்பியவையை அன்றன்றே துடைத்தாள். பத்து ஜிபியாம் பத்து ஜிபி, எத்தனை நாள் தாங்குகிறது பார்ப்போம் என்பதைத் தவிர அவளுக்கு வேறு திட்டம் இல்லை. இளையவளுக்கும் தன்னைப்போல மஞ்சள் அறிவிப்பு வரட்டும், வந்து வாரா வாரம் உட்கார்ந்து பெருக்கட்டும். அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது.

"அக்கா, உங்க ஆர்டர் படமெல்லாம் எனக்கு வருதே" என்று இளையவள் ஒரு தடவை கேட்டாள்.

"நான் லீவு போட்டா நீதானே பாக்கணும். உனக்கும் தெரிஞ்சிருக்கட்டும்னு அனுப்பறேன்."

"அதுவும் சரிதான்" என்று இளையவள் நம்பிவிட்டாள். நம்புகிறவளைப் பார்த்தாலும் மூத்தவளுக்கு ஆத்திரமாக வந்தது. இப்படி வெள்ளந்தியாக இருந்தே எல்லாவற்றையும் அள்ளிக்கொள்கிறாள் என்று.

மாதம் ஒன்று ஓடியிருக்கும். ஒரு நாள் காலையில் எதிர் மேஜையிலிருந்து இளையவள் எட்டிப் பார்த்தாள். "அக்கா, எனக்கு மஞ்சளா என்னமோ வருது. நிறையப் போகுதாம். என்ன பண்ணணும்?"

மூத்தவள் இத்தனை நாள் காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான். எழுந்து போய், பெருக்குவது எப்படி என்று மறுபடி முதலிலிருந்து சொல்லிக் கொடுத்து, "பாத்தியா, நான் இத்தனை வருஷமா எப்படிச் சமாளிக்கறேன்னு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருந்தால் அவள் வயிற்றெரிச்சல் அதோடு அடங்கியிருக்கும். அதைத்தான் சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து மேனேஜர் அறைக் கதவைத் திறந்து, "இளையவங்களே, பிஸ்கட் கம்பெனி டைரக்டர் வந்திருக்காரு, ஒரு நிமிஷம் வாங்க, அறிமுகப்படுத்தறேன்" என்றார்.

இளையவள் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். போகிற போக்கில், "சொல்லுங்கக்கா, என்ன பண்ணணும்?" என்றாள்.

"அது சும்மா வரும். கண்டுக்காத" என்றாள் மூத்தவள்.

சொல்லி முடித்த பிறகு அவளுக்கே திக்கென்றது. ஆனால் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டைரக்டர் இளையவளுக்குக் கைகொடுப்பது தெரிந்தது. சொன்னதைத் திருப்பி வாங்க மனசு வரவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் மூத்தவளின் ரூல் அனுப்பிய நகல் ஒன்று அவளுக்கே திரும்பி வந்தது. பெறுநரின் பெட்டி நிறைந்துவிட்டது, சேர்க்க முடியவில்லை என்று. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அப்புறம் வரிசையாக. மூத்தவள் அவசர அவசரமாக ரூலை எடுத்துவிட்டு, திரும்பி வந்ததையெல்லாம் அழித்துத் தொட்டியையும் கொட்டினாள். எதிரே இளையவள் ஒன்றும் தெரியாமல் எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது இளையவள் சந்தோஷமாகச் சொன்னாள். "காலைலேருந்து ஒரு மெயிலும் வரலக்கா. என்னைக்கு இப்படி நிம்மதியா இருந்திருக்கு? தேங்கிக் கிடந்த வேலையெல்லாம் முடிச்சுட்டேன்."

மூத்தவள் டப்பாவைப் பார்த்தபடியே, "நல்லதாப் போச்சு" என்றாள். திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இரண்டு நாளில் என்ன குடி முழுகிவிடப் போகிறது.

முழுகித்தான் போனது. பிஸ்கட் கம்பெனியில் படம் வரைகிற அம்மாள் அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஒரு திருத்தம் அனுப்பியிருந்தாள். பிஸ்கட்டில் நிலக்கடலை சேர்ந்திருக்கிறது, அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பிட வேண்டாம் என்கிற வரி முதல் படத்தில் விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்து, பழையதை அச்சிட வேண்டாம் என்று எழுதி, இளையவளுக்கு மட்டும் அனுப்பினாள். நிறைந்த பெட்டி அதைத் திருப்பி அனுப்பியது. திரும்பி வந்ததைப் பார்க்க அந்த அம்மாள் இடத்தில் இல்லை. மெயிலை அனுப்பின கையோடு விடுப்பில் கிளம்பிவிட்டாள். முன்பே 'சரி' சொல்லியிருந்த பழைய படத்தை வைத்து அன்று மத்தியானமே அச்சு ஓடத் தொடங்கியது. திங்கட்கிழமை முதல் லோடு போய் இறங்கியதும், அங்கே சரக்கைச் சோதிக்கிறவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஃபோனை எடுத்தார்.

மேனேஜர் கதவைச் சாத்தாமலேயே பேசினார். ஆர்டர் பிரிவு முழுக்கக் கேட்டது.

"திருத்தம் அனுப்பினதுக்கு அவங்க கையில ஆதாரம் இருக்கு. நம்மகிட்ட வரலன்னா எங்க போச்சு?"

"என் பெட்டி நிறைஞ்சிருந்திருக்கு சார். எனக்கு இப்பத்தான் தெரியும்."

"நிறையப் போகுதுன்னு அது சொல்லுமே?"

மூத்தவள் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இளையவள் இப்போது சொல்லிவிடுவாள். அக்காதான் கண்டுக்காதே என்று சொன்னாள் என்று ஒரே வாக்கியம். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"சொல்லுச்சு சார். நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றாள் இளையவள்.

மூத்தவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். முதலில் அப்படித்தான் மூச்சு வந்தது. ஆனால் அதன் பின்னாலேயே பழைய எரிச்சல் வந்து நின்றது. இதிலும் அவள்தானா பெரிய மனுஷி? திட்டு வாங்குகிற இடத்தில்கூட நம்மைவிட உசந்து நிற்கிறாளே. அப்படி நினைத்தோமே என்று அதற்கப்புறம் தன் மேலேயே அவளுக்குக் கசந்தது.

மெயில்பெட்டியைச் சரி பண்ண ஒயரைக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். எந்நேரமும் கழுத்தில் ஒரு கேபிளைச் சுற்றிக்கொண்டு அலைவதால் அவருக்கு அந்தப் பெயர். இளையவள் நாற்காலியில் உட்கார்ந்து, மெயில்களை அனுப்பியவர் பெயர் வாரியாக அடுக்கிப் பார்த்தார். மனுஷருக்கு யார் மேலும் விரோதம் கிடையாது, பார்த்ததைச் சொன்னார்.

"எல்லாம் மூத்தவங்ககிட்டேருந்துல்ல வந்திருக்கு. பெட்டில முக்கால்வாசி இதுதான். ஆள் உக்காந்து அனுப்பின மாதிரி தெரியல, ரூல் போட்டு வச்ச மாதிரில்ல கொட்டியிருக்கு. ராத்திரி பகல்னு இல்லாம வந்திருக்கு பாருங்க."

இளையவள் அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். பட்டியல் நீண்டுகொண்டே போனது. அப்புறம் நிமிர்ந்து எதிர் மேஜையைப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. வீட்டில் ஒரு பொருளை வைத்த இடத்தில் காணாமல் தேடுகிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. மூத்தவளின் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று பஸ்ஸில் இளையவள் டிரைவர் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். இறங்கி நடக்கும்போதும் நாலடி முன்னாலேயே போனாள். மாடிப்படி வந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்க்கா?"

"என்ன ஏன்?"

"நான் என்ன பண்ணேன் உங்களுக்கு?"

மூத்தவள் சாவியைத் தேடுகிற மாதிரி பைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் தேடுவதை நிறுத்தினாள். "உனக்குப் பத்து, எனக்கு ரெண்டு" என்றாள்.

இளையவளுக்கு விளங்கவில்லை. "என்ன பத்து?"

"மெயில்பெட்டி. உனக்குப் பத்து ஜிபி குடுத்திருக்காங்க. எனக்கு ரெண்டு. பதினோரு வருஷமா ரெண்டு. நான் வாரா வாரம் உக்காந்து பெருக்கிக்கிட்டிருக்கேன். நீ வந்து ஒரு வருஷம் ஆகல, மேனேஜர் உனக்கு அள்ளிக் குடுத்துட்டாரு. அதனாலதான் எல்லாம் உன் விரல் நுனியில இருக்கு. அதனாலதான் பிஸ்கட் கம்பெனி உனக்குப் போச்சு."

சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன விஷயமாகக் காதில் விழுகிறது என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் முழுக்கச் சொல்லி முடித்தாள்.

இளையவள் இல்லை என்று தலையாட்டினாள். "மேனேஜருக்கு அதெல்லாம் தெரியவே தெரியாதுக்கா. சேந்த ரெண்டாவது வாரமே, வாரா வாரம் பெருக்கறது எனக்கு ஒத்து வராதுன்னு தோணுச்சு. ஒயர் சார்கிட்ட போய்ச் சொன்னேன். அவ்வளவுதானா, இருங்கன்னு அங்கயே மாத்திக் குடுத்தாரு. மூத்தவங்களுக்கும் மாத்திரவான்னு அவரே கேட்டாரு. நான் வந்து உங்ககிட்ட கேட்டேன்."

"என்கிட்டயா?"

"தண்ணி பிடிக்கற இடத்துல. எனக்கெதுக்கு, நான் ரெண்டுலயே ராஜாங்கம் பண்றவன்னு சொன்னீங்க."

மூத்தவளுக்கு அது மெல்ல ஞாபகம் வந்தது. பாட்டிலில் தண்ணீர் நிறைகிற சத்தம், இளையவள் என்னவோ கேட்டது, பக்கத்தில் நின்ற கணக்குப் பிரிவுக்காரிக்கும் கேட்கட்டும் என்று தான் கொஞ்சம் உரக்கவே சொன்னது. அவளுக்கு வேண்டியிருந்தது அந்தப் பெருமைதான், இடம் இல்லை. ஆனால் அடுத்தவளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் அந்தப் பெருமை எங்கேயோ ஓடிவிட்டது.

"கண்டுக்காதன்னு நீங்க சொன்னதை நான் அவர்கிட்ட சொல்லல. தெரியாம சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன். தெரிஞ்சேதான் சொன்னீங்க, இல்ல?" என்றாள் இளையவள்.

"ஆமா."

இளையவள் படியேறிப் போனாள். மேலே கதவு சாத்துகிற சத்தம் வேகமாக இல்லை. மெதுவாகத்தான் சாத்தினாள். அது மூத்தவளை இன்னும் வருத்தியது.

மறுநாள் காலையில் மூத்தவள் மேனேஜர் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, நடந்ததைச் சொன்னாள். ரூல் போட்டதையும், அறிவிப்பு வந்தபோது சொன்னதையும், வெள்ளிக்கிழமை தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்ததையும். மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் ஒரே வீடு, ஒத்துமையா இருப்பாங்கன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் சார் நெனச்சேன்."

அவர் அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிஸ்கட் கம்பெனியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இரண்டு பேருக்குமே அது இல்லாமல் போயிற்று. அச்சான பெட்டிகளைக் குப்பையில் போடாமல், விட்டுப்போன வரியை ஸ்டிக்கராக அடித்து ஒட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதாக வாடிக்கையாளர் இறங்கி வந்தார். ஒட்ட ஆள் பற்றவில்லை. ஆர்டர் பிரிவே குடோனுக்கு இறங்கியது.

குடோனில் நீளமான மேஜை. ஒரு பக்கத்திலிருந்து பெட்டி வரும், ஒருவர் திருப்பிப் பிடிக்க வேண்டும், ஒருவர் ஒட்ட வேண்டும். யார் யாரோடு என்று சூப்பர்வைசர் பார்த்துப் போட்டதில் மூத்தவள் பிடிக்கவும் இளையவள் ஒட்டவும் நேர்ந்தது. அந்த வேலை முடிகிற வரைக்கும் இளையவள் பேசியது, "கொஞ்சம் சாய்ங்க", "இது கோணல்", "அடுத்தது" இவ்வளவுதான். மூத்தவள் சொன்னபடி சாய்த்தாள், கோணலானதை உரித்தாள், அடுத்ததை எடுத்தாள். விரல்களெல்லாம் பசை. பக்கத்து மேஜைப் பெண்கள் இளையவள் ஒட்டுகிற வேகத்தைப் பார்த்து மலைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கோடு போட்ட மாதிரி நேராக விழுந்தது ஒவ்வொரு ஸ்டிக்கரும். தான் ஒட்டியிருந்தால் இப்படி வராது என்று மூத்தவள் மனசுக்குள் அளந்து பார்த்துக்கொண்டாள். அந்த நிலைமையிலும் அந்தப் புத்தி போகவில்லை.

ஒயர் ஒரு நாள் வந்து எல்லோருடைய மெயில்பெட்டியையும் பத்தாக மாற்றிவிட்டுப் போனார். மூத்தவளின் திரையில் மஞ்சள் அறிவிப்பு நின்றுபோனது. திங்கட்கிழமை காலையில் பெருக்க ஒன்றும் இல்லாமல் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் எதற்காக வெந்துபோனாளோ அது கைக்கு வந்தபோது ஒரு ருசியும் இல்லை.

மேல்வீட்டோடு பேச்சு எப்படித் திரும்பியது என்றால், மோட்டார் கெட்டுப்போய் மேலே தண்ணீர் ஏறவில்லை. இளையவள் வாளியோடு இறங்கி வந்து, "தண்ணி பிடிச்சுக்கட்டுமாக்கா?" என்றாள். "இதைக் கேக்கணுமா?" என்று மூத்தவள் குழாயைத் திறந்துவிட்டாள். அக்கா என்ற சொல் மறுபடி வந்தது. பழைய மாதிரி வரவில்லை, ஆனால் வந்தது. பஸ்ஸில் சில நாள் பக்கத்தில் உட்காருவாள், சில நாள் டிரைவர் பக்கம் போய்விடுவாள். மூத்தவள் எதுவும் கேட்பதில்லை.

இரண்டு மாதம் கழித்து இளையவள் தானாகவே கேட்டு டிசைன் பகுதிக்கு மாறிப் போனாள். கம்பெனி மாடியில் புதிதாகக் கட்டிய அறை. பெரிய பெரிய திரைகள், சுற்றுகிற நாற்காலிகள். அவள் பார்த்த ஆர்டர்களெல்லாம் மூத்தவளுக்கு வந்தன. எதிர் மேஜையில் வேறு யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் இரண்டு பேரும் பஸ்ஸில் ஒரே சீட்டில் வந்துகொண்டிருந்தார்கள். இளையவள் கைகளைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "மேல ஏசி ரொம்ப ஜாஸ்திக்கா. விரலெல்லாம் விறைச்சுப் போகுது" என்றாள்.

ஏசியா என்று மூத்தவளுக்கு உள்ளே குப்பென்று ஏறியது. கீழே ஆர்டர் பிரிவில் அன்றைக்கு ஃபேன்கூட ஒழுங்காகச் சுற்றவில்லை. வழக்கம்போல் சிரித்து மழுப்பலாம் என்று பார்த்தாள். வாய் சிரிக்கவில்லை.

"எங்க பக்கம் ஃபேனே முக்கிக்கிட்டுச் சுத்துது. நீ ஏசி ஜாஸ்திங்கற. எனக்கு வயிறு எரியுதுடி" என்றாள்.

இளையவள் திரும்பிப் பார்த்தாள். கேலியா நிஜமா என்று பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தாள். நிஜம்தான் என்று தெரிந்திருக்க வேண்டும்.

"சரி, எரியட்டும். உங்ககிட்ட பழைய ஸ்வெட்டர் ஒண்ணு இருந்துச்சே, அதைக் குடுங்க" என்றாள்.

"பீரோல அடியில கிடக்கும். வா, எடுத்துத் தரேன்" என்றாள் மூத்தவள்.